எலித் தொடையில் தேடிய வரிகள்

வெள்ளெலிக்குத் தசையில் புற்று தானாக வருவது அபூர்வம். வந்தாலும் அது தசையில் பிறந்ததா, பக்கத்து நார்த்திசுவில் பிறந்ததா என்று தீர்த்துச் சொல்வது இன்னும் சிரமம். நெகிரி செம்பிலானின் செண்டாயான் தோட்டத்து லயத்தில் பிறந்து, கோலாலம்பூரில் திசு ஆய்வகமொன்றில் தலை நரைத்தவன் நான். எலியின் தசைப் புற்றை இனம்காணும் இந்தச் சின்னத் துறையின் வரலாறு எனக்குப் பிடித்துப்போகக் காரணம், அதன் முதல் பக்கத்தில் எலி இல்லை, தொழிலாளி இருக்கிறான்.

வேல்ஸ் நாட்டுக் கிளைடாக்கில் 1902இல் நிக்கல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1930களில் அங்கே உழைத்தவர்களின் மூக்கில் புற்று வருவது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. 1958இல் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர், நிக்கல் தொழிலாளரின் மூக்கு, நுரையீரல் புற்றுச் சாவுகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார். 1962இல் கனடாவின் ஆய்வாளர் கில்மன், போர்ட் கோல்போர்ன் நிக்கல் ஆலையின் தூசை எலிகளின் தொடைத் தசையில் ஊசியால் ஏற்றினார். பிறகு அந்தத் தூசில் இருந்த நிக்கல் சப்சல்பைடைத் தனியாகவும் ஏற்றிப் பார்த்தார். ஊசி இறங்கிய இடத்திலேயே கட்டி எழுந்தது. அவற்றில் பல ராப்டோமயோசர்கோமா, அதாவது வரித்தசைப் புற்று.

எப்படித் தெரிந்தது? வரியைப் பார்த்துத்தான். இந்தப் புற்றை மனிதரிடம் வெபர் என்ற மருத்துவர் 1854லேயே விவரித்திருந்தார். புற்றணு தசையின் வாரிசு என்றால் அதன் உடலில் குறுக்கு வரிகள் எங்காவது மிச்சம் இருக்கும். அதைத் துலக்க பாஸ்டனின் நோயியலர் மல்லோரி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சாயம் கொடுத்தார். பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தோடு ஹீமடாக்சிலின் என்ற சாயப்பொருள் சேர்ந்தது. கலக்கி வைத்தால் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் முதிர வேண்டும். அவசரக்காரர்கள் பெர்மாங்கனேட் போட்டு அன்றே முதிர வைப்பார்கள். எனக்கென்னவோ வெயில் பட்டு முதிர்ந்த புட்டிமேல்தான் நம்பிக்கை. கண்ணாடித் தகட்டை இரவெல்லாம் அதில் ஊற வைத்தால் காலையில் தசை வரிகள் நீலமாகவும் நார் செங்கல் நிறமாகவும் நிற்கும். தகட்டில் ஒட்டும் சீவல் நாலு மைக்ரான் கனம். அம்மா பால்மரத்தில் பட்டை சீவியதுபோல, ஆழமும் போகக்கூடாது, அறுபடவும் கூடாது.

ஆனால் முரட்டுப் புற்றணு வரியையே மறந்துவிடும். அங்கே சாயம் கைவிட்டது. 1976இல் டெஸ்மின் என்ற தசைப் புரதம் இனம்காணப்பட்டது. 1987இல் மயோடி, 1989இல் மயோஜெனின் என்ற தசை மரபணுக்கள் கண்டறியப்பட்டன. டெஸ்மினையும் இம்மரபணுக்களின் புரதங்களையும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றி நிறமேற்றினால், டெஸ்மின் இருந்தால் உயிரணுவின் உடல் பழுப்பாகும், மயோஜெனின் இருந்தால் உட்கரு பழுப்பாகும். இதிலும் கண்ணி உண்டு. எதிர்ப்பொருள் பெரும்பாலும் சுண்டெலியில் உண்டாக்கியது. அடுத்து ஊற்றும் இரண்டாம் எதிர்ப்பொருள், எலியின் சொந்த ரத்தப் புரதத்தையும் சுண்டெலியுடையது என்று பிடித்துக்கொள்ளும். முதல் எதிர்ப்பொருள் விடாத தகடு ஒன்று பக்கத்தில் இல்லாமல் நான் எந்தப் பழுப்பையும் நம்பியதில்லை. ஊசி குத்திய காயம் ஆறும்போது புதிதாக முளைக்கும் நல்ல தசையும் அப்படியே பழுப்பாகும். கட்டிக்குள் சிக்கிய அந்த நல்ல தசையைப் புற்றென்று எழுதிவிடக்கூடாது. கருவி எத்தனை வந்தாலும், பிரித்துச் சொல்வது கண்தான்.

தொழிலாளியின் நோய்க்கு விலங்கிடம் விடை தேடுவது நம் மலேசியாவுக்குப் புதிதல்ல. 1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், எங்கள் நெகிரி செம்பிலானில் ஜெலுபுப் பக்கம் சாலை போட்ட ஜாவானியரின் பெரிபெரி நோய்க்குக் காரணம் தீட்டிய அரிசி என்று கண்டார்கள். அதே அரிசியைக் கோழிக்குப் போட்டும் சோதித்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர் பெருமளவு தப்பினார்கள்.

நிக்கலுக்குத் திரும்புவோம். அனைத்துலகப் புற்றாய்வு முகமை 1990இல் நிக்கல் சேர்மங்களை மனிதருக்குப் புற்று தருபவை என்று முதல் பிரிவில் வைத்தது. எங்கள் செண்டாயானின் ரப்பர், செம்பனை நிலத்தில் இன்று வீடமைப்புகளும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. முலாம் பூசும், உலோகம் உருக்கும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் நிக்கல் என்ற பெயர் இருந்தால் சரியான முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.