குடிசைக்கு அடியில் இருந்த மண்

கீழத்தஞ்சையில் ஊர் வேறு, சேரி வேறு. சேரி முழுக்க நம்ம சனந்தான். ஆனா குடிசை நின்ற மண்ணு மிராசுதாருக்குச் சொந்தம். அதனால்தான் கூலி கேட்ட பண்ணையாளை வயலைவிட்டு மட்டுமல்ல, வீட்டைவிட்டும் கிளப்ப முடிந்தது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் எழுதியவர்கள் இந்த மண்ணை அவ்வளவாக எழுதவில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கூலி கேட்டு நின்ற கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்டுகள், பிள்ளைகள். குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. 2011 கணக்குப்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் நாம். அந்தச் சட்டம் கொடுத்தது மனைக்கட்டை. பாட்டனும் பாட்டியும் நட்டு அறுத்த வயல் அதில் சேரவில்லை.