பர்சாவும் நாமக்கல் முட்டையும்

நாமக்கல் முட்டைத் தொழில் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் வறண்ட நிலம், லாரி வசதி, விவசாயிகளின் துணிச்சல் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் கோழிகளை நெருக்கி வளர்க்கும் தொழில், கோழியின் ரத்தத்துக்குக் காவலணுக்களைத் தயாரிக்கும் உறுப்பைக் காப்பாற்றாமல் நிலைத்திருக்க முடியாது. எச்சத்துவாரத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் சிறு பைதான் அது. பண்ணையில் பர்சா என்பார்கள். கோழிக்கும் சிவப்பணு மஜ்ஜையில்தான் பிறக்கிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளையணு மட்டும் இந்தப் பையில் பக்குவப்படுகிறது; மனிதனுக்கு அந்த வேலையும் மஜ்ஜையிலேயே முடிந்துவிடுகிறது. பாதுவா நகரத்து உடற்கூறு அறிஞர் ஃபாப்ரீசியஸ் இந்தப் பையை விவரித்த நூல் 1621இல் வெளிவந்தது. அதன் பயன் தெரிய 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஆய்வாளர் புரூஸ் கிளிக் பர்சாவை அகற்றிய கோழிகளை, சக ஆய்வாளர் டிமதி சாங் வகுப்பில் செய்துகாட்ட இரவல் வாங்கினார். கிருமியைச் செலுத்தியும் அவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. இதைப் பற்றி எழுதிய கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழ் திருப்பி அனுப்பிவிட, கோழி வளர்ப்பு இதழொன்று வெளியிட்டது. பெரிய இதழ்களுக்குக் கோழி என்றால் அப்போதும் இளக்காரம்தான்!

பர்சாவையே குறிவைக்கும் கம்போரோ நோயை 1962இல் காஸ்குரோவ் என்ற ஆய்வாளர் விவரித்தார். இந்தியாவில் அது 1971இல் பதிவானது. மூன்றிலிருந்து ஆறு வார வயதுக் குஞ்சுகள்தான் அதற்கு அதிகம் பலியாகும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் பர்சா வீங்கி, மஞ்சள் கூழ் படர்ந்திருக்கும். தொடைச் சதையில் ரத்தத் திட்டுகள் தெரியும். பிழைத்த குஞ்சின் பர்சா சுருங்கிப்போகும். அதற்குப் பிறகு வெள்ளைக்கழிச்சலுக்குப் போடும் தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிக்காது. நோய் ஒன்று, நஷ்டம் இரண்டு.

பண்ணைக்காரர் பர்சாவைப் பற்றிப் படித்தா கம்போரோவுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார் என்று கேட்கலாம். படிக்கவில்லைதான், ஆனால் எந்த நாளில் கொடுப்பது என்ற கணக்கு அந்தப் படிப்பிலிருந்து வந்தது. தாய்க்கோழி மஞ்சள்கரு வழியே தந்த எதிர்ப்பொருள் குறையும் முன் கொடுத்தால் மருந்து வீணாகும். தாமதித்தால் வைரஸ் முந்திக்கொள்ளும். நாமக்கல்லில் 1985இல் இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்ததை இந்தத் தொழிலின் வரலாற்றில் ஓரத்தில் ஒதுக்குவது அதனால்தான் தவறு. இனி, லாரி இல்லாமல் சந்தை ஏது என்பார்கள். சந்தையைத் தந்த அதே லாரியின் டயரிலும் திரும்பி வந்த முட்டை அட்டையிலும் கம்போரோ வைரஸும் பயணம் செய்யும். காலி செய்த கொட்டகையில்கூட அது மாதக்கணக்கில் சாகாது.