ஒளித்தட்டின் உயர்வும் தாழ்வும்



சென்ற கோடையில் ஒரு நாள் என் புத்தக அலமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். நூல்களுக்குப் பின்னால் ஒரு காகித உறையும், அதனுள் பளபளக்கும் ஓர் ஒளித்தட்டும் கிடைத்தன. எங்கள் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த பெரியவர் ஒருவர் 2005-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அன்று அவர் ஆற்றிய உரையை மாணவர்கள் பதிவு செய்து, தட்டில் ஏற்றி, எனக்கும் ஒன்று தந்திருந்தார்கள். அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் குரலை மீண்டும் கேட்க விழைந்தேன். என் பேரனின் கணிப்பொறியில் தட்டை இடுவதற்கு வாயிலே இல்லை. கடைத்தெருவில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். "அந்தக் கருவியெல்லாம் இப்போது வருவதில்லை, ஐயா" என்பதே எங்கும் கிடைத்த விடை.

தட்டு என் கையில் இருக்கிறது. குரல் அத்தட்டில் இருக்கிறது. ஆயினும் கேட்க வழியில்லை. இந்நிலை எவ்வாறு வந்தது? அரசுகள் எழுந்ததும் வீழ்ந்ததும் மட்டும் வரலாறு ஆகா. நாம் கையாளும் பொருள்களுக்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, தேய்வும் உண்டு. வீட்டிலிருந்தே திரைப்படம் காண்பதற்கென ஆக்கப்பட்ட உயர்தர ஒளித்தட்டுக் கருவியின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிகழ்ந்த வரலாறு. ஆனால் அதன் விளைவு என் அலமாரி வரையில் வந்து சேர்ந்திருக்கிறது.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு புதுமைப் பொருள் விற்பனைக்கு வந்தது. நம் பழைய இசைத்தட்டைப் போன்று 30 சென்டிமீட்டர் அகலமுடைய தட்டு அது. ஆனால் வெள்ளி போல் மின்னியது. அதனைத் தொட்டுப் படித்தது ஊசியன்று. லேசர் என்னும் ஒளிக்கதிர். பிற்காலத்தில் இது லேசர் டிஸ்க் என்று பெயர் பெற்றது. ஒரு பக்கத்தில் 60 நிமிடம் வரையில் படம் ஓடும்; பின்னர் எழுந்து சென்று தட்டைத் திருப்பி வைத்தல் வேண்டும். விலையோ மிகுதி. வீட்டில் பதிவு செய்யவும் அதில் இயலாது. ஆகவே பொதுமக்கள் வீடியோ நாடாவையே விரும்பினர். படத்தின் தெளிவைப் பெரிதெனக் கருதிய ஆர்வலர் சிலரே ஒளித்தட்டின் பக்கம் நின்றனர்.

அச்சிலரால் ஒரு நன்மை விளைந்தது. 1984-இல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்னும் நிறுவனம், சிறந்த பழம்படங்களை ஒளித்தட்டில் வெளியிடத் தொடங்கியது. 'கிங் காங்' என்னும் 1933-ஆம் ஆண்டுப் படத்தை வெளியிட்டபோது, படம் ஓடும்பொழுதே அறிஞர் ஒருவர் விளக்கம் சொல்லும் குரலையும் தனித் தடத்தில் சேர்த்தது. மூலமும் உரையும் ஒரே சுவடியில் அமைந்திருக்கும் மரபை நாம் அறிவோம் அன்றோ? அம்முறை திரைப்படத்திற்கும் வாய்த்தது. திரைப்படம் ஒருமுறை கண்டு மறக்கும் பொருள் என்னும் நிலை மாறி, அலமாரியில் வைத்துப் பயிலும் நூலாயிற்று. இம்மாற்றத்தை நினைவிற் கொள்ளுங்கள். இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

இனி அறிவியலைச் சிறிது காண்போம். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் இசைக்கென 12 சென்டிமீட்டர் குறுந்தட்டை வெளிக்கொணர்ந்தன. 1996-இல் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும், அதே அளவில் படத்திற்கான டி.வி.டி. வந்தது. 2006-இல் புளூரே என்னும் தட்டு வந்தது. மூன்றும் ஒரே அகலம். கொள்ளளவோ பெரிதும் வேறு. குறுந்தட்டைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650, புளூரேக்கு 405. மழுங்கிய எழுத்தாணி ஓர் ஓலையில் நான்கு வரி எழுதுமானால், கூரிய எழுத்தாணி பத்து வரி எழுதும். அலைநீளம் குறையக் குறைய ஒளிமுனை கூர்மையடைகிறது. தட்டில் உள்ள குழிகளைச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமைக்க இயலுகிறது. ஓர் அடுக்கு டி.வி.டி. 4.7 கிகாபைட் செய்தியை ஏற்கும்; ஓர் அடுக்குப் புளூரே 25 ஏற்கும்; 2016-இல் வந்த நுண்தெளிவுப் புளூரே 100 வரையில் ஏற்கும்.

தட்டு வளர்ந்தது போலவே கருவியும் வளர்ந்தது. பெரிய திரையும், அறையைச் சுற்றி ஒலிபெருக்கிகளும் அமைத்து, வீட்டையே சிறு திரையரங்காக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அவ்வரங்கின் நடுநாயகமாக ஒளித்தட்டுக் கருவி வீற்றிருந்தது. தட்டில் இருப்பவை எண்கள். அவ்வெண்களை ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றித் தரும் பணி அக்காலத்தில் கருவிக்கே உரியது. ஏட்டில் உள்ள பாட்டு ஒன்றேயாயினும், ஓதுபவரின் குரலுக்கேற்பச் சுவை வேறுபடும் அன்றோ? அதுபோலவே மலிவான கருவி ஒருவாறும் உயர்தரக் கருவி வேறொருவாறும் படத்தைக் காட்டின. ஆகவே கனத்த உலோகக் கூடும் அரிய மின்னுறுப்புகளும் கொண்ட கருவிகளுக்குப் பெரும்பணம் கொடுக்க ஆர்வலர் முன்வந்தனர்.

இக்கருவியின் வீழ்ச்சிக்கு முதற்காரணம் அதன் உள்ளேயே தோன்றியது. 2002-இல் எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு முறை வகுக்கப்பட்டது. ஒரே கம்பி வழியே, தட்டில் உள்ள எண்களை எண்களாகவே தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஒலிபெருக்கும் பொறிக்கும் அனுப்ப வழி பிறந்தது. ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றும் பணி அவற்றினிடம் சென்றுவிட்டது. தட்டுக் கருவி வெறும் அஞ்சற்காரர் ஆயிற்று. அஞ்சற்காரர் பட்டுப்பையில் கொண்டு வந்தாலும், துணிப்பையில் கொண்டு வந்தாலும், கடிதத்தின் செய்தி ஒன்றே. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 3,500 டாலருக்கு விற்ற ஒரு புளூரேக் கருவியின் மூடியைச் சிலர் திறந்து பார்த்தனர். உள்ளே இருந்தது, 499 டாலருக்கு விற்ற வேறொரு கருவியே! உயர்ந்த விலைக்கு உயர்ந்த காரணம் உண்டு என்னும் நம்பிக்கை அன்று பெரிதும் தளர்ந்தது.

இரண்டாவது காரணம் உட்பகை. 2006-இல் புளூரேயுடன் எச்.டி. டி.வி.டி. என்னும் மற்றொரு தட்டும் வந்தது. ஒன்றன் பக்கம் சோனி முதலியோர். மற்றொன்றன் பக்கம் தோஷிபா முதலியோர். ஒரு தட்டு மற்றதன் கருவியில் ஓடாது. எது நிலைக்குமோ என்று அஞ்சிய மக்கள் எதனையும் வாங்காது காத்திருந்தனர். 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூரேயை மட்டும் ஆதரிப்பதாக அறிவித்தது. பிப்ரவரியில் தோஷிபா போட்டியைக் கைவிட்டது. வெற்றி புளூரேக்குத்தான். ஆனால் அப்போட்டியின் நடுவே, 2007 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இணையத்தின் வழியே படங்களை வீட்டிற்கு அனுப்பும் முறையைத் தொடங்கியிருந்தது. அதுவரையில் டி.வி.டி.க்களை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பி வந்த நிறுவனம் அது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது வெறும் பழமொழி அன்று.

தேய்பிறைக் காலத்திலும் ஒரு நிறுவனம் ஒளிவிட்டது. கலிபோர்னியாவில் 2004-இல் தோன்றிய ஒப்போ டிஜிட்டல் என்பது அதன் பெயர். மேலே சொன்ன 499 டாலர் கருவியை 2009-இல் ஆக்கியவர்கள் இவர்களே. நேர்மையான விலை, பல வகைத் தட்டுகளையும் படிக்கும் திறன் ஆகியவற்றால் ஆர்வலரின் மதிப்பைப் பெற்றனர். 2017-இல் அவர்கள் வெளியிட்ட யு.டி.பி.-205 என்னும் கருவி சுமார் 10 கிலோ எடையும் 1,299 டாலர் விலையும் கொண்டது. அதனைப் பலரும் போற்றினர். ஆனால் மறு ஆண்டே, 2018 ஏப்ரலில், இனிப் புதிய கருவிகளை ஆக்குவதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. விளக்கு அணையுமுன் பேரொளி வீசியது போலாயிற்று. 2019-இல் சாம்சங், அமெரிக்காவில் இனிப் புதிய புளூரேக் கருவிகளைக் கொண்டுவருவதில்லை என்றது. 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசித் தட்டை அஞ்சலில் அனுப்பியது. இருபத்தைந்து ஆண்டுகளில் அது அனுப்பிய தட்டுகள் 500 கோடிக்கும் மேல். 2024-இல் எல்.ஜி. நிறுவனமும் தன் கருவிகளை நிறுத்திக்கொண்டது.

மாணவர்களே, இங்கே ஒரு வினா எழும். சிறந்தது வந்ததனால் தாழ்ந்தது மறைந்ததா? அன்று. நுண்தெளிவுப் புளூரேத் தட்டிலிருந்து ஒரு நொடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட செய்தித் துணுக்குகள் வரை எடுக்கலாம். இணைய வழியே வரும் அதே தரத்துப் படத்திற்குப் பெரும்பாலும் ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடி வரையே வருகின்றன. சுருக்கும் கலை வளர்ந்துள்ளமையால் வேறுபாடு எல்லார் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. ஆயினும் இருண்ட காட்சிகளிலும் நுண்ணிய ஓசைகளிலும் அது தெரியும். ஆகவே வென்றது சிறப்பன்று, எளிமையே வென்றது. எளிமையை நான் இகழவில்லை. விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் கைப்பேசியில் உலகத் திரைப்படங்களைக் காண முடிகிறதென்றால், அது நன்மையே அன்றோ?

ஆனால் அந்நன்மைக்கு நாம் கொடுத்த விலை ஒன்று உண்டு. தட்டை வாங்கியவன் அதனை உடையவன். அவன் அதனை நண்பனுக்கு இரவல் தரலாம், விற்கலாம், நூலகத்திற்கு அளிக்கலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். இணையத்தில் "வாங்கு" என்று எழுதிய பொத்தானை அழுத்துபவனோ பெரும்பாலும் பார்ப்பதற்கான அனுமதியை மட்டுமே பெறுகிறான். அனுமதி தந்தவர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். 2009-இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் நாவலின் ஒரு மின்பதிப்பை, பதிப்புரிமைச் சிக்கலின் பொருட்டு, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. ஆயினும் அச்சிட்ட நூலாக இருந்திருந்தால், எவரும் இரவோடிரவாக வந்து அலமாரியிலிருந்து எடுத்துச் சென்றிருக்க முடியாது. இத்தகைய நிலையை எண்ணியே கலிபோர்னிய மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது: உரிமை தராமல் அனுமதி மட்டும் தருவோர், அதனைத் தெளிவாக அறிவிக்காமல் "வாங்கு" என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. ஒரு சொல்லின் பொருளைக் காக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது!

தட்டு அழியாப் பொருள் என்றும் எண்ணிவிடாதீர்கள். பழைய லேசர் தட்டுகள் சிலவற்றில் பசை கெட்டு, அலுமினியப் படலம் கறுத்துப் படம் பாழானதுண்டு. நாம் வீட்டில் பதிவு செய்யும் தட்டுகளில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. ஏட்டுச் சுவடியைக் கரையான் அரித்தது. தட்டினைக் காலம் அரிக்கிறது. நம் முன்னோர் சுவடி சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். அதனாலன்றோ பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன! பொருளைப் பூட்டி வைத்தல் மட்டும் காத்தல் ஆகாது. உரிய காலத்தில் படியெடுத்தலே காத்தல்.

என் கதையை முடித்துவிடுகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் தம் ஒளித்தட்டுக் கருவியைத் துணியிட்டு மூடி, இன்னும் காத்து வைத்திருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் இருவரும் அமர்ந்தோம். தட்டு சுழன்றது. அப்பெரியவரின் குரல் எழுந்தது. "என் பிள்ளைகளே" என்று அவர் தொடங்கியபோது என் மாணவர் எழுந்து நின்றுவிட்டார். ஏறத்தாழ இருபது நிமிட உரை. இடையில் ஓரிடத்தில் தட்டு பழுதுபட்டிருந்தது. படம் சதுரம் சதுரமாகச் சிதறிக் குரல் நின்றது. மீண்டும் எழுந்தபோது அவர் வேறு பொருள் பேசிக்கொண்டிருந்தார். இடையே என்ன சொன்னார் என்பதை இனி எவரும் அறிய இயலாது. நான் அன்று மேடையிலேயே அமர்ந்திருந்தேன். ஆயினும் எனக்கு நினைவில்லை. எஞ்சியதை அன்றே மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தோம்.

உங்கள் வீடுகளிலும் இத்தகைய தட்டுகள் இருக்கும். பாட்டனாரின் குரலோ, பெற்றோரின் திருமணமோ, பள்ளி விழாவோ அவற்றில் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றைப் படிக்கும் கருவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. இந்த விடுமுறையிலேயே தேடி எடுங்கள். கருவி உள்ளவரை நாடிப் படியெடுங்கள். நான் ஐந்தாண்டு முந்தித் தேடியிருந்தால், அந்த இரண்டு நிமிடங்களும் ஒருவேளை கிடைத்திருக்கும்.