ரோம் கெட்ட தேதி

'அந்தக் காலமே வேறு' என்ற புலம்பல் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கெட்டுப்போனதற்கு ஆண்டு குறித்து, காரணத்தையும் சுட்டுவதில் ரோமானியர்கள் கில்லாடிகள்.

வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் ஆண்டு கி.மு. 187. ஆசியா மைனரில் வென்று திரும்பிய படை வெண்கலக் கட்டில்களையும் ஒற்றைக்கால் மேசைகளையும் கொண்டுவந்தது. விருந்துகளில் யாழ் மீட்டும் பெண்கள் வந்தார்கள். அதுவரை மலிவான அடிமையாக இருந்த சமையல்காரனுக்கு விலை ஏறியது. லிவிக்குச் சற்று முந்திய சல்லஸ்ட் குறித்ததோ கி.மு. 146. ரோமின் போட்டி நகரமான கார்த்தேஜ் அழிந்து, பயப்பட எதிரி இல்லாமல் போனதும் பேராசை புகுந்துவிட்டதாம். கவிஞர்கள் வெர்ஜிலும் ஹோரஸும் எழுதியது இந்த இரு தேதிகளுக்கும் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து. சீரழிவு தொடங்கிவிட்டது என்று குறித்த பிறகுதான் லத்தீனின் ஆகச் சிறந்த கவிதை பிறந்தது!

அடுத்த நூற்றாண்டில் பழி நம் பக்கம் திரும்பியது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குமுறினார். காரத்தைத் தவிர வேறெந்தச் சிறப்பும் இல்லாத மிளகை இப்படி விரும்புகிறார்களே என்றும் வியந்தார். அங்கே சீரழிவாகத் தெரிந்தது, சேர நாட்டு முசிறித் துறையில் பிழைப்பு. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருள்களில் 5,000 ராத்தல் தங்கத்தோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. முற்றுகையிட்டவருக்கும் அதே ருசி.

அரசுகள் ஏன் சீரழிகின்றன என்ற கேள்வி பிறகு வட ஆப்பிரிக்காவுக்குப் போனது. பதவிச் சண்டைகளில் சலித்து ஒரு கோட்டையில் ஒதுங்கிய அறிஞர் இப்னு கல்தூன், 1377இல் ஒழுக்கப் புலம்பலை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்: பாலைவனத்தில் ஒட்டி வாழ்ந்தவர்கள் நகரத்துச் சொகுசில் அந்தப் பிணைப்பை இழக்கிறார்கள், அரச குலத்தின் ஆயுள் மூன்று தலைமுறை, சுமார் 120 ஆண்டு. இந்தக் கேள்வியை இவர் அளவுக்கு நிதானமாக அணுகியவர் அரிது என்பேன். துருக்கியில் ஒட்டோமான் அரசோ 300 ஆண்டுகளைத் தாண்டி நின்றது. அரசை மனித உடலாகவே பார்த்த ஒட்டோமான் அறிஞர் காதிப் செலபி, நல்ல வைத்தியம் செய்தால் அதன் முதுமையைத் தள்ளிப்போடலாம் என்று 1653இல் எழுதினார்.

1764 அக்டோபர் 15. ரோமின் இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பனின் காதில், வெறுங்கால் துறவிகள் பாடும் மாலை வழிபாடு விழுந்தது. ரோமின் வீழ்ச்சி பற்றி நூல் எழுதும் எண்ணம் அங்கேதான் உதித்தது என்று அவரே சொல்கிறார். முதல் தொகுதி வந்தது 1776இல். அமெரிக்கா பிரிட்டனை உதறிய அதே ஆண்டு. ஜெர்மனி முதல் உலகப் போரில் தோற்ற 1918இல், மேற்குலகமே முடிந்துகொண்டிருக்கிறது என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் ஸ்பெங்லர் எழுதிய நூலும் வெளிவந்தது. ஒவ்வொரு காலமும் ரோமிடம் தன் பயத்தைத்தான் கேட்டிருக்கிறது.

1984இல் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் டெமாண்ட், ரோமின் வீழ்ச்சிக்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களைத் திரட்டினார். மொத்தம் 210. ஈய நஞ்சும் கீல்வாதமும் அதில் உண்டு. முதலாளித்துவமும் உண்டு, கம்யூனிசமும் உண்டு.