ஒரு சொல்லுக்குக் காவல்

கதை எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தோடு என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். பெரிய உறவு ஒன்றும் இல்லைதான். ஆனால் 1956-ஆம் வருஷத்துப் பல்கலைக் கழக மானியக் கமிஷன் சட்டத்தைப் புரட்டியபோது ஒரு விசித்திரத்தைக் கண்டேன். பொன்னுக்கும் பூமிக்கும் காவல் வைக்கிற சட்டங்கள் எத்தனையோ உண்டு. இந்தச் சட்டம் ஒரு சொல்லுக்குக் காவல் வைக்கிறது. 'யூனிவர்ஸிடி' என்பதே அந்தச் சொல்.

1945-இல் அலிகார், காசி, டில்லி ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களையும் கவனிப்பதற்கு ஒரு கமிட்டி ஏற்பட்டது. 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், இங்கிலாந்தில் இருந்ததைப் போன்ற மானியக் கமிஷன் நமக்கும் வேண்டும் என்றது. 1953 டிசம்பர் 28-ஆம் தேதி மௌலானா ஆஸாத் அதைத் தொடங்கி வைத்தார். மூன்று வருஷம் கழித்துப் பார்லிமெண்ட் அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது.

சட்டம் கமிஷனின் ஒரு கையில் பணப்பையைக் கொடுத்தது. மறு கையில் பிரம்பைக் கொடுத்தது. பணப்பை பெரியது. படிப்பு, பரீட்சை, ஆராய்ச்சி இவற்றின் தரத்தைக் கமிஷன் நிர்ணயிக்கலாம். பல்கலைக் கழகங்களுக்குச் சென்று சோதிக்கலாம். சொன்னதைக் கேட்காவிட்டால் மானியத்தை நிறுத்தலாம். ஆனால் சோதனைக்கும் ஒரு மரியாதை உண்டு. அந்தப் பல்கலைக் கழகத்தைக் கலந்துகொண்டு, தேதியையும் முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான் போகவேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போவது போல!

பிரம்போ மிகச் சிறியது. மத்திய சட்டத்தாலோ, ராஜ்யச் சட்டத்தாலோ ஏற்பட்டதைத் தவிர வேறு எந்த ஸ்தாபனமும் 'யூனிவர்ஸிடி' என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 23-ஆவது பிரிவு. மீறினால்? அடுத்த பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சிறை கிடையாது. 1956-இல் ஆயிரம் ரூபாய் கனமான தொகைதான். ரூபாய் இளைத்துக்கொண்டே போகும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைக்கவில்லை போலும். மானியத்தை நிறுத்துவேன் என்ற மிரட்டலோ, மானியமே கேட்காதவனிடம் பலிக்காது.

இந்தக் காவல் செல்லுமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிற்று. செல்லும் என்று 1984-இல் தீர்ப்பாயிற்று. முன்வாசல் பத்திரமாகிவிட்டது. ஆனால் கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. ராஜ்யச் சட்டத்தால் ஏற்பட்டதற்கு அந்தப் பெயர் உண்டு அல்லவா? அப்படியானால் ராஜ்யமே தாராளமாகச் சட்டம் செய்துவிட்டால்?

சத்தீஸ்கர் ராஜ்யம் 2002-இல் அதைத்தான் செய்தது. கெஜட்டில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், தனியார் பல்கலைக் கழகம் பிறந்துவிடும். ஏறக்குறைய ஒரே வருஷத்தில் 112 பிறந்தன! பலவற்றுக்குக் கட்டடம் கிடையாது. ஒற்றை அறையில் நடந்தவையும் உண்டு. இவற்றின்மீது 23-ஆவது பிரிவு பாய முடியாது. சட்டப்படிப் பிறந்த குழந்தைகள் ஆயிற்றே!

வழக்குத் தொடுத்தவர் பேராசிரியர் யஷ்பால் என்ற விஞ்ஞானி. ஒரு காலத்தில் அதே கமிஷனுக்குத் தலைவராக இருந்தவர். 2005 பிப்ரவரி 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. பல்கலைக் கழகம் அமைக்க ராஜ்யத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உயர் கல்வியின் தரத்தைக் காக்கும் பொறுப்பு அரசியல் சட்டப்படி மத்திய சர்க்காருடையது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பல்கலைக் கழகம் அந்தப் பொறுப்பையே கேலிக்கூத்தாக்கிவிடும் என்பது அதன் சாரம். சட்டத்தின் உயிரான பிரிவுகள் விழுந்தன. 112-ம் மறைந்தன. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்காதபடி, அவர்களுடைய ஸ்தாபனங்களைப் பழைய பல்கலைக் கழகங்களோடு இணைக்க வழி செய்யும்படியும் கோர்ட் சொல்லிற்று.

கடைசியில் சொல்லைக் காத்தது எது? கமிஷனின் பணப்பையும் அல்ல, ஆயிரம் ரூபாய்ப் பிரம்பும் அல்ல. பதவியை விட்ட பிறகும் கவலையை விடாத ஒரு மனிதர்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள். நிலத்தை விற்றுப் பையனைச் சேர்க்கிற தகப்பன் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. பெயர்ப் பலகையில் அந்த ஒரு சொல்லைத்தான் படிக்கிறான்; அதை நம்பித்தான் பணத்தைக் கட்டுகிறான்.