வரி ஏட்டில் வராத கைகள்

ஓர் அரசு தன் குடிகளுள் யாரைப் பொருளீட்டும் ஆளாக மதித்தது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் மெய்க்கீர்த்திகளைக் காட்டிலும் அதன் வரி ஏடுகளே நல்ல சான்றாகும். மெய்க்கீர்த்தியில் புகழ் இருக்கும். வரி ஏட்டில் கணக்கு இருக்கும். அக்கணக்கில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்று நோக்கினால் ஒரு சமுதாயத்தின் மேடும் பள்ளமும் தாமே விளங்கும்.

இந்நோக்கில் ஆராய்வதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது. தறியையும் கோயிலையும் நீக்கிவிட்டால் அந்நகருக்கு வரலாறே இல்லை. தறிக்கு வரி விதித்த அரசுகள் பல வந்து போயின. தறியால் உயர்ந்த குடிகளும் அங்கே உண்டு. தறியிலேயே தேய்ந்த குடிகளும் உண்டு. ஆனால் அத்தறியின் பாதிச் சுமையைத் தாங்கிய பெண்ணுக்கு எந்த ஏட்டிலும் இடம் கிடைத்ததில்லை. அது ஏன் என்பதே நம் கேள்வி.

தறி இறை

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடுகள் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கச்சிப்பேடு என்று அக்காலத்தில் வழங்கிய காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பைப் பெற்றிருந்ததை அச்செப்பேடுகளால் அறிகிறோம். கோயிலின் முதலையும் வட்டியையும் நம்பி ஒப்படைக்கத்தக்க குடிகளாக அன்றே நெசவாளர் இருந்தனர்.

அதே நெசவாளர்மீது அரசு விதித்த வரிக்குத் தறி இறை என்று பெயர். நெய்பவனின் வருமானம் எவ்வளவு என்று அது கேட்கவில்லை. வீட்டில் எத்தனை தறி என்றே கேட்டது. செக்குக்குச் செக்கிறை, தட்டார்க்குத் தட்டாரப்பாட்டம் என்பதுபோலத் தறிக்கும் ஓர் இறை. கருவியை எண்ணி வரி வாங்குவது அரசுக்கு எளிது. எளியவனுக்கோ அது கடிது. நூல் இல்லாமல் ஓய்ந்து கிடக்கும் நாளில் தறி சோறு போடாது. வரி மட்டும் நிற்காது. விஜயநகர ஆட்சியில் இத்தகைய வரிகள் பெருகியபோது, 1429இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் தம் பகையை மறந்து ஒன்றுகூடி, முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று முடிவு செய்து கல்லில் வெட்டினர். தமிழக வரலாற்றில் வரிக்கு எதிராக எழுந்த பெரும் எழுச்சிகளுள் அது ஒன்று.

சங்கும் தண்டும்

எனினும் நெசவாளர் எல்லோரும் நலிந்தவர் அல்லர். பதினைந்தாம் நூற்றாண்டில் துணி வாணிபம் பெருகப் பெருக, கைக்கோளருள் ஒரு பகுதியினர் பல தறிகளுக்கு உடையவராயினர், நிலம் வாங்கினர், கோயில்களுக்குக் கொடை அளித்தனர். கையில் செல்வம் சேர்ந்த பின் அவர்கள் வேண்டியது மதிப்பு. தண்டும் சங்கும், அதாவது பல்லக்கு ஏறவும் சங்கு ஊதுவிக்கவும் உரிமை, அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் உள்ள கைக்கோளர் பெற்றிருக்கும் அவ்வுரிமையை வழுதிலம்பட்டுப் பகுதிக் கைக்கோளருக்கும் வழங்குவதாகக் கூறுகிறது. ஏனைய ஊரார்க்குக் காஞ்சி நெசவாளரே அளவுகோலாக விளங்கினர் என்பது இதனால் தெளிவாகும்.

பொருளால் உயர்ந்த குடி மதிப்பாலும் உயர்ந்தது. ஆயினும் அந்தத் தண்டும் சங்கும் ஆடவர் பெற்ற உரிமைகள்.

பெயர் பெற்ற பெண்டிர்

அக்காலத்தில் பெண்ணின் வருவாயை எழுதும் வழக்கமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். அவர்களுடைய பெயர்களும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பதும் கல்வெட்டில் வரிசையாக உள்ளன. ஆளுக்கு ஒரு வீடு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆகவே பெண்ணின் பெயரையும் ஊதியத்தையும் எழுத அரசு அறிந்தே இருந்தது. கோயிலில் பணி செய்தவள் தனி ஆளாக எண்ணப்பட்டாள். கணவன் தறிக்கு நூல் சுற்றியவளோ தறியின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டாள்.

மோதர்பா

நவாபு முகம்மது அலியிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார் ஜாகீராகப் பெற்றபோது காஞ்சியும் அவர்கள் கைக்குச் சென்றது. தறிவரி பெயர் மாறித் தொடர்ந்தது. கைத்தொழிலாளரைக் குறிக்கும் முஹ்தரிஃபா என்னும் அரபுச் சொல்லே திரிந்து மோதர்பா ஆயிற்று. தறி, கடை, பட்டறை என அனைத்தும் அவ்வரிக்குள் அடங்கின. 1852இல் சென்னை சுதேசிச் சங்கத்தார் ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் இவ்வரியைக் கடுமையாகக் கண்டித்தது. தொழிலாளியின் கருவி விலையைப்போல் ஆறு மடங்கு வரி வாங்கப்படுவதும் உண்டு என்பது அவர்கள் முறையீடு.

1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருவாய்க்கு வரி இல்லை; 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2; அதற்கு மேல் 4. தொகை சிறிதாயினும் கருத்து பெரிது. கருவியை எண்ணிய வரி, முதன்முறையாக வருவாயை எண்ணத் தொடங்கியது. உள்ளவன் மிகுதியும் இல்லாதவன் குறைவும் தருவதே நீதி என்னும் கொள்கை அதனுள் அடங்கியிருந்தது.

ஆனால் வருவாய் எவருடையது?

ஒரு கடை, பல பெயர்கள்

இந்திய வருமான வரிச் சட்டம் தனி மனிதரோடு இந்து அவிபக்த குடும்பத்தையும் வரி செலுத்தும் ஓர் ஆளாக ஏற்றது. அதன் தலைவர் கர்த்தா. நெடுங்காலம் அவ்விடம் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. முஸ்லிம்களுக்கு இந்த ஏற்பாடு இல்லை. அவரவர் சொத்து அவரவர்க்கு என்பதே அவர்தம் சட்டம். ஸகாத் கடமையிலும் மனைவியின் செல்வம் கணவன் கணக்கில் சேராது. அவள் செல்வத்துக்கு அவளே பொறுப்பு.

1970களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு நூற்றுக்கு 97.75 ஆக உயர்ந்தது. பெருவணிகர்க்கு ஒரே பெயரில் வருவாய் காட்டுவது கட்டுபடியாகவில்லை. ஒரு கடையின் இலாபம் தகப்பனார் பெயரிலும், மகன் பெயரிலும், மனைவி பெயரிலும், கூட்டுக் குடும்பத்தின் பெயரிலும் பிரிந்து நின்றது. இதைத் தடுக்கவே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இருந்தது. கணவனுக்குக் கணிசமான பங்குள்ள தொழிலில் மனைவி பெறும் சம்பளம் கணவன் வருவாயோடு சேரும். தொழில்நுட்பத் தகுதியோ உயர்தொழில் தகுதியோ கொண்டு ஈட்டியதாயின் சேராது. 2025இல் இயற்றப்பட்ட புதுச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

செல்வர்களின் சூழ்ச்சியைத் தடுக்க எழுந்த விதி அது. அதில் குற்றம் காண இயலாது. ஆயினும் அது எழுப்பும் வினா ஆழமானது. எது தகுதி? பத்து வயதில் இராட்டையில் அமர்ந்து ஐம்பது வயது வரை பட்டிழை அறுந்த இடத்தை விரல் நுனியால் கண்டு பிணைக்கும் பெண்ணிடம் சான்றிதழ் இல்லை. அவள் வீட்டு வருவாய் வரி எல்லையைத் தொடுவதும் இல்லை.

தறிக்குழியின் அருகே

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இணைத்து நெய்வது கோர்வை. கோர்வைச் சேலைக்குத் தறியில் ஓர் ஆள் போதாது. கரை நாடாவை எறிய மறுபக்கம் இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது மனைவியோ மக்களோ. தறி ஏறுமுன் நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் என வரும் வேலைகளில் மிகுதி பெண்களுடையது. சேலை முடிந்ததும் கூலி ஒன்றே. அது தறிக்காரர் பெயரில். காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா ஆகிய பெயர்களில் எழுந்த பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளரை முதலாளியின் முன்பணக் கட்டிலிருந்து மீட்க முயன்றன. அங்கும் கூலி உறுப்பினர் பெயருக்கே.

2019-20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70க்கு மேல் பெண்கள் என்றது. வடகிழக்கு மாநிலப் பெண்கள் தாமே தறியில் அமர்பவர்கள். அவர்களால் அத்தொகை பெருகியது உண்மையே. ஆயினும் இத்தொழிலை ஆடவர் தொழில் என்று பேசும் வழக்கத்துக்கு அந்த எண் விடை சொல்லிவிட்டது.

ஆகவே நாம் காணும் முரண் இது. செல்வர் வீட்டில் பெண்ணின் கை படாத தொழிலிலும் அவள் பெயர் ஏட்டில் ஏறுகிறது, வரியைக் குறைப்பதற்காக. நெசவாளி வீட்டிலோ பெண்ணின் கை ஓயாத தொழிலிலும் அவள் பெயர் ஏறுவதில்லை, கூலி ஒன்றே என்பதற்காக. முன்னவளுக்குப் பெயர் உண்டு, உழைப்பு இல்லை. பின்னவளுக்கு உழைப்பு உண்டு, பெயர் இல்லை.

சட்டம் சிறிது சிறிதாக வழி திறந்துள்ளது. 1989இல் தமிழகமும் 2005இல் நாடு முழுதும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தன. பெண்ணும் கர்த்தாவாகலாம் என 2015இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு வரிவிலக்கு வரம்பைச் சற்று உயர்த்தி வைத்த சலுகை 2011-12 நிதியாண்டோடு நின்றது. அப்போது ஆணுக்கு 1,80,000, பெண்ணுக்கு 1,90,000. ஆனால் இவை யாவும் சொத்து உள்ள வீட்டுப் பெண்ணுக்கே பயன். தார் சுற்றுபவளுக்கு விலக்கு வேண்டியதில்லை. விலக்குவதற்கு அவளிடம் வருவாய் எழுதப்பட்டிருக்க வேண்டுமே! பட்டுச் சேலைக்குச் சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 5 என்பது மட்டும் வேறுபாடின்றி நடக்கிறது. கோடீசுவரர் வாங்கினாலும், நெய்தவள் தன் மகள் திருமணத்துக்கு வாங்கினாலும் அதே 5.

அவளுக்கு வேண்டியது சலுகையன்று; பதிவு. சங்க ஏட்டில் தறிக்காரர் பெயருக்கு அருகே இன்னொரு பெயர், கூலியில் பிரித்துக் காட்டிய ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைக் கல்லில் நானூறு பெண்களின் பெயரை வெட்ட முடிந்த நாட்டுக்கு, காஞ்சியின் சங்க ஏட்டில் மை கொண்டு எழுதுவது அரிய செயலன்று.