மேய்ச்சல் பக்கத்துச் சுவர்: 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாளிகைத் தோட்டங்களில் மறைப்பு

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் உருவான தோட்டங்களை ‘இயற்கைப் பாணி’ என்று வகைப்படுத்துவது வழக்கம். நேர்கோட்டு நடைபாதைகளும் கத்தரித்த செடிகளும் போய், புல்வெளியும் வளைந்த ஏரியும் மரக்கூட்டங்களும் வந்தது மெய்தான். ஆனால் இப்பாணியை இயக்கியது இயற்கைமீதான பற்றைவிட, செய்த வேலையை மறைக்கும் திறமையே என்பது என் வாதம்.

‘ஹா-ஹா’ எனப்படும் பள்ளவேலியைப் பார்ப்போம். மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர். அதன் உச்சி புல்தரை மட்டத்தோடு நின்றுவிடும். மறுபக்கம் மண் சரிவாக ஏறி மேய்ச்சல் நிலத்தோடு சேரும். சன்னலிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி ஆடுமாடுகள் வரை தடையின்றி ஓடும். சரிவில் இறங்கிவரும் மாட்டுக்கோ முகத்தெதிரே சுவர். ஸ்டோவ் தோட்டத்தில் சார்லஸ் பிரிட்ஜ்மன் இதைப் பெரிய அளவில் கையாண்டார். எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் இதையே தோட்டக்கலையின் திருப்புமுனையாகக் கொண்டாடினார். அவர் நின்றது சன்னல் பக்கம்.

1741இல் ஸ்டோவில் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்த லான்சலாட் பிரவுன் இதே உத்தியை நீருக்கும் கொண்டுபோனார். பிளெனிம் மாளிகையில் கட்டடக்கலைஞர் வான்புரோ எழுப்பிய பெரும்பாலத்தின் கீழ் கிளைம் என்னும் சிற்றாறுதான் ஓடியது. 1760களில் பிரவுன் அதை அணைகட்டித் தேக்கினார். பாலத்தின் கீழ்த்தள அறைகள் மூழ்கின; நீருக்குப் பொருந்தாமல் உயர்ந்து நின்ற பாலம் அளவாகத் தெரிந்தது. இத்தகைய ஏரிகளில் நீர் கசியாமலிருக்க, களிமண்ணை நீர்விட்டு மிதித்துக் குழைத்து அப்புவார்கள். மேலே புல் மூடியபின் மண்வெட்டி பட்ட தடம் தெரியாது.

டார்செட்டில் மறைக்க வேண்டியிருந்தது ஓர் ஊர். மில்டன் பிரபு தம் மாளிகையை ஒட்டியிருந்த மிடில்டன் என்ற சந்தையூரையே இடித்தகற்றினார். 1780 வாக்கில், மாளிகையின் கண்ணுக்கு எட்டாத பள்ளத்தாக்கில் அதற்கு மாற்றாக மில்டன் ஆபஸ் என்ற புதிய ஊர் எழுந்தது: ஒரே தெரு, இருபுறமும் ஒன்றுபோல் கூரை வேய்ந்த வீடுகள். இன்று அத்தெருவை அழகென்று படம்பிடிக்கிறார்கள்.

ஊரகற்றலை இயற்கைப் பாணியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்று மறுக்கலாம். மறுப்பு சரியே. யார்க்‌ஷயரில் காஸில் ஹவார்டு மாளிகை எழுந்தபோது ஹென்டர்ஸ்கெல்ஃப் ஊர் மறைந்தது. அது பிரவுன் பிறப்பதற்கு முன் தொடங்கிய கட்டுமானம். ஆயினும் நேர்கோட்டுச் சாலை, ‘இது என் கட்டளை’ என்று வாய்விட்டுச் சொன்னது. பிரவுனின் புல்வெளியோ யாரும் எதுவும் செய்யாததுபோல் கிடந்தது.

1788இல் தோட்ட வடிவமைப்புத் தொழிலில் இறங்கிய ஹம்ஃப்ரி ரெப்டன் இந்த மறைப்பைக் காகிதத்திலேயே காட்டினார். அவருடைய ‘சிவப்பு ஏடு’களில், இருக்கும் காட்சியை வரைந்த தாள்மடலை விலக்கினால் அடியில் மாற்றிய காட்சி தெரியும். 1816இல் வெளியிட்ட நூலில் எஸ்ஸெக்ஸிலிருந்த தம் குடிலின் முகப்புக்கும் அப்படியொரு படம் சேர்த்தார். மடல் மூடியிருக்கையில் வேலியோரம் ஒரு பிச்சைக்காரர், எதிரே இறைச்சி தொங்கும் கடை. மடலை விலக்கினால் அவர் நின்ற இடத்தில் பூச்செடிகள். திரும்ப மூடினால் அவர் அங்கேயே நிற்கிறார்.